உம்மு சல்மாவும் வெயில் மாமாவும்

சிங்கப்பூரின் பொங்கோல் பகுதியில் புதிதாக எழுந்துகொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் உம்மு சல்மாவுக்குப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் வேலை. தினமும் காலை ஏழரை மணிக்கு நூற்று நாற்பது ஆட்கள் முன்னால் நின்று அன்றைய ஆபத்துகளை வாசிக்க வேண்டும். கிரேன், சாரம், மின்கம்பி, அப்புறம் வெயில். வாசிக்கிற காகிதம் தலைமை அலுவலகத்திலிருந்து வரும். ‘அனைவரும் போதிய அளவு நீர் அருந்தவும். தலைசுற்றல், வாந்தி, குழப்பம் ஆகிய அறிகுறிகள் தென்பட்டால் உடனடியாக மேற்பார்வையாளரிடம் தெரிவிக்கவும்.’ அவள் வாசிப்பாள். ஆட்கள் பூட்ஸ் கயிற்றைக் கட்டுவார்கள், கொட்டாவி விடுவார்கள், போனில் ஊர்ச் செய்தி பார்ப்பார்கள். கடைசியில் “விளங்கிச்சா?” என்று கேட்பாள். “விளங்கிச்சு!” என்று எல்லாக் குரலும் ஒன்றாக வரும். அந்த ஒரு சொல்லில் மட்டும் யாரும் பிசகியதில்லை.

சல்மாவுக்கு நாற்பத்தாறு வயது. பிறந்ததும் வளர்ந்ததும் சிங்கப்பூரில்தான். வாப்பா கூத்தாநல்லூரிலிருந்து வந்து சிராங்கூன் சாலைத் துணிக்கடை ஒன்றில் ஆயுசுக்கும் நின்றவர். அதே கடையில் சல்மாவும் பத்து வருஷம் சேலை மடித்தாள். கடை மூடியபோது முப்பத்தைந்து வயதில் பாதுகாப்புப் படிப்பு படித்து, தலைக்கவசம் போட்டுக்கொண்டாள். தேக்காவில், பஃபலோ ரோடு அடுக்குமாடி புளோக்கில் வீடு. கணவர் ஷாஹித் பஸ் ஓட்டுகிறார். பள்ளியில் படித்த காலத்தில் அவள் நாடகம் எழுதிப் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறாள். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் விபத்து அறிக்கைகள்.

அந்த வருஷம் மார்ச் மாதமே வெயில் ஆளைத் தின்றது. கட்டடத்தின் மூலையில் முக்காலி மேல் காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிற வெப்பமானி ஒன்று இருந்தது. அது முப்பத்திரண்டைத் தாண்டினால் கடும் வேலை செய்கிறவர்களுக்கு மணிக்குப் பத்து நிமிடம் ஓய்வு தர வேண்டும். சட்டம் அப்படி. முன்பெல்லாம் சில நாட்களில்தான் தாண்டும். இப்போது பதினொரு மணிக்கே தாண்டிவிட்டு நாலரை வரை இறங்காமல் அடம்பிடித்தது. சல்மா விசில் ஊதுவாள். “இந்த வரிசையை முடிச்சுட்டு உக்காரலாம் மேடம்” என்பார் சூப்பர்வைசர் முத்துராமன். அவரும் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கம்பி கட்ட வந்தவர்தான். வரிசை முடியும்போது அடுத்த வரிசை தொடங்கியிருக்கும்.

ஏப்ரல் இரண்டாவது வாரம், சின்னத்தம்பி விழுந்தார்.

ஐம்பது வயது ஆள். கம்பி கட்டுவதில் அவர் கைவேகம் யாருக்கும் வராது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஏழாவது மாடித் தளத்தில் அவரைக் கடந்துபோன சல்மா, “ஓகேவா அண்ணே?” என்று கேட்டாள். “ஓகே ஓகே.” இரண்டரைக்குத் திரும்பி வந்தபோதும் கேட்டாள். “ஓகே, ஓகே” என்றார், நிமிராமல். மூன்று மணிக்கு அவர் கம்பிக் குவியல் மேல் உட்கார்ந்து, இல்லாத யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். சட்டை காய்ந்து கிடந்தது. வேர்வையே இல்லை. பத்தடி தூரத்தில் தண்ணீர்க் கேன் இருந்தது.

சல்மா சட்டையைக் கிழித்து, அக்குளிலும் கழுத்திலும் ஐஸ் வைத்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அவர் கண்ணைத் திறந்து வைத்திருக்கப் பேச்சுக் கொடுத்தாள். “அண்ணே, வீட்டுல யாருக்குச் சொல்லணும்? பொண்ணு பேரு என்ன?”

அவர் யோசித்தார். உதடு அசைந்தது. ஏதோ ஒன்றைக் கைதவறிக் கீழே போட்டுவிட்டுத் தேடுகிறவர் மாதிரி அவளைப் பார்த்தார். பெயர் வரவே இல்லை.

உயிர் பிழைத்தார். ஆனால் சிறுநீரகம் அடிவாங்கியிருந்தது. இனி வெயிலில் வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, ஆறு வாரத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். விபத்துக்கு மறுவாரமே வந்த விசாரணை அறிக்கையில், ‘பணியாளர் தம் அறிகுறிகளைத் தெரிவிக்கத் தவறினார்’ என்று ஒரு வரி இருந்தது. கீழே சல்மா கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு நாள் போடாமல் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் புராஜெக்ட் மேனேஜர் மிஸ்டர் கோ அவள் மேசைக்கே வந்து நின்றார். “சல்மா, அதுல பொய் எதுவும் இல்லையே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். பொய் இல்லைதான். போட்டாள். அன்றிரவு வீட்டில் ஷாஹித் தட்டில் சோறு வைத்துக் கொடுத்தபோது காரணமே இல்லாமல் அவர்மேல் எரிந்து விழுந்தாள்.

அடுத்த வாரம் மத்தியான இடைவேளையில், ஓய்வுக் கொட்டகைப் பக்கம் போனபோது உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சன்னல் வழியாகப் பார்த்தாள். கதிரேசன் என்ற கம்பி கட்டுகிற ஆள் பெஞ்சு மேல் ஏறி நின்றிருந்தான். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரன், முப்பத்திரண்டு வயது. தலையில் ஒரு துண்டை முக்காடு போல் போட்டுக்கொண்டு, கையில் ரொட்டிக் காகிதத்தை விரித்து, அவள் குரலிலேயே பேசினான்.

“அனைவரும் போ…திய அளவு நீர் அருந்தவும். தலைசுற்றல், வாந்தி, குழப்பம் ஆகிய அறிகுறிகள் தென்பட்டால்…” இங்கே அவள் மூக்கை உறிஞ்சுகிற மாதிரியே உறிஞ்சினான். “உடனடியாக மேற்பார்வையாளரிடம் தெரிவிக்கவும். விளங்கிச்சா?”

“விளங்கிச்சு!” என்று கொட்டகையே கத்தியது.

சல்மாவுக்குக் காது சூடேறியது. உள்ளே போய்த் திட்ட வேண்டும் போலிருந்தது. போகவில்லை. கண்டெய்னர் அலுவலகத்துக்குத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது ஒரு விஷயம் உறைத்தது. ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிட்டானே! கேட்டவர்கள் யாரும் போனைப் பார்க்கவில்லையே!

சாயங்காலம் அவனைக் கூப்பிட்டாள். அவன் பயந்துகொண்டே வந்தான்.

“மன்னிச்சுக்குங்க அக்கா. சும்மா விளையாட்டுக்குத்தான்.”

“அத விடு. ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. எல்லா விதியும் உங்களுக்கு மனப்பாடமா இருக்கு. அப்புறம் ஏன் யாரும் தலை சுத்துதுன்னு சொல்றதில்ல?”

கதிரேசன் தரையைப் பார்த்தான். “சொன்னா, அன்னையிலேருந்து அவன் ‘தலை சுத்துற ஆளு’ அக்கா. அடுத்த வருஷம் வேலை பெர்மிட் புதுப்பிக்கும்போது சூப்பர்வைசருக்கு அதுதான் ஞாபகம் வரும். ‘ஓகேவா’ன்னு கேட்டா ‘ஓகே’ன்னுதான் சொல்ல முடியும். வேற பதிலே கெடயாதே.”

அந்த வாரமே அவள் எழுத உட்கார்ந்தாள். முப்பது வருஷமாகப் பழக்கம் விட்டுப்போன கை. முதல் நாள் வந்ததெல்லாம் அறிக்கைத் தமிழாகவே இருந்தது, கிழித்துப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை கதிரேசனும் இன்னும் மூன்று பேரும் தேக்காவுக்கு வந்தார்கள். புளோக்குக் கீழேயிருந்த கல்மேசையில் உட்கார்ந்து பேசிப் பேசி, அவள் எழுதியதில் பாதியை அவர்கள் அடித்தார்கள். “இப்படி யாரும் பேச மாட்டாங்க அக்கா.” அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர்கள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. இரண்டாவது ஞாயிறு, சத்தம் அதிகம் என்று மாடியிலிருந்து யாரோ புகார் செய்ய, பக்கத்துத் திடலில் கொளுத்துகிற வெயிலிலேயே ஒத்திகை பார்த்தார்கள்.

நாடகம் இதுதான். கம்பி கட்டுகிற ஒருவன் வேலை செய்துகொண்டிருக்கிறான். கறுப்புக் கண்ணாடியும் சிவப்புச் சட்டையுமாக ஒருவர் சூட்கேஸை இழுத்துக்கொண்டு வருகிறார். வெயில் மாமா.

“என்ன மாமா, திடீர்னு?”

“திடீர்னா? முன்னாடி வருஷத்துக்கு ஒருக்கா வந்து நாலு நாள் தங்கிட்டுப் போவேன். இப்ப எனக்கு இந்த ஊர்ல நிரந்தரமாத் தங்கவே பி.ஆர். கெடச்சிருச்சு மாப்ள. இனிமே இங்கயேதான்.”

மாமா போகிறபோதும் வருகிறபோதும் “ஓகேவா மாப்ள?” என்று கேட்கிறார். அவன் “ஓகே மாமா” என்கிறான். ஒவ்வொரு ‘ஓகே’வுக்கும் மாமா அவனிடமிருந்து ஒன்றை எடுத்துச் சூட்கேஸில் போட்டுக்கொள்கிறார். முதலில் அவன் வேர்வை. அப்புறம் காலில் இருந்த திடம். நடுவே ஒரு சூப்பர்வைசர் “இந்த வரிசையை முடி” என்று கத்திவிட்டுப் போகிறார். ஒரு பாதுகாப்பு அக்கா காகிதத்தைப் பார்த்து ஏதோ வாசித்துவிட்டுப் போகிறாள். கடைசியில் மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பிரியமாகக் கேட்கிறார்: “மாப்ள, உன் பொண்ணு பேரு என்ன?” அவன் வாயைத் திறக்கிறான். ஒன்றும் வரவில்லை. மாமா சூட்கேஸை மூடிப் பூட்டுகிறார்.

மாமாவாகக் கதிரேசன் நடித்தான்.

சல்மா முறையாக அனுமதி கேட்டாள். அதுதான் அவள் செய்த தவறு என்று பிறகு பல நாள் நினைத்துக்கொண்டாள். மிஸ்டர் கோ சிரித்து, “நல்லா இருக்கே, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பு” என்றார். அங்கே தகவல் தொடர்புப் பிரிவில் இருந்த ரோஷினி என்ற இளம்பெண் உற்சாகமாகப் போன் செய்தாள்.

“அக்கா, சூப்பர் லா! நம்ம சேஃப்டி டே ஈவென்ட்டுக்கே போட்டுடலாம். சின்னச் சின்ன சேஞ்ச்தான். டுவென்ட்டி மினிட்ஸ் ரொம்ப லாங். த்ரீ மினிட்ஸ் ஆக்கிடுங்க. சூப்பர்வைசர் கேரக்டர் வேணாம், கொஞ்சம் நெகட்டிவா இருக்கு. அந்தப் பி.ஆர். ஜோக் சென்சிட்டிவ். எண்டிங்ல எல்லாரும் சேர்ந்து தண்ணி குடிச்சு நம்ம ஸ்லோகன் சொல்லிடட்டும்.”

“பொண்ணு பேரு?”

“அது ரொம்ப சேட், அக்கா.”

“சோகம்தான் ரோஷினி. ஒருத்தருக்கு நெசமாவே அப்படி ஆச்சு.”

“தெரியும். அதனாலதான் வேணாங்கறாங்க.”

சல்மா மறுத்திருக்கலாம். மூன்று நிமிடமாவது போகட்டும், ஆட்கள் பார்ப்பார்களே என்று ஒத்துக்கொண்டாள். ஆட்கள் பார்க்கவில்லை. நிகழ்ச்சி தஞ்சோங் பகாரில், தலைமை அலுவலகத்தின் இருபத்து மூன்றாவது மாடி அரங்கில் நடந்தது. பார்க்க வந்தவர்கள் மேலாளர்களும் விருந்தினர்களும். பத்துப் பேருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் அதிகம். புது டீசர்ட்டில் கதிரேசன் குளிரில் நடுங்கினான்; மாமாவின் பல் தந்தியடித்தது. கடைசியில் எல்லோரும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்கள். கைதட்டல். போட்டோ. சிற்றுண்டிப் பெட்டி.

லாரியில் திரும்பினார்கள். விரைவுச்சாலையில் ஏறியதும் கதிரேசன் தொடங்கினான். “ஏசியில நின்னு வெயிலப் பத்தி நடிச்சவங்க உலகத்துலயே நாமதான் அக்கா.” மற்றவர்கள் சிரித்தார்கள். சல்மாவால் சிரிக்க முடியவில்லை. கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “வியாழக்கிழமை சைட்ல முழுசாப் போடறோம். யாருகிட்டயும் கேக்கப் போறதில்ல” என்றாள்.

வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், ஓய்வுக் கொட்டகையில் போட்டார்கள். பி.ஆர். வரி வந்ததும் தகரக் கூரை அதிர்ந்தது. பாதுகாப்பு அக்கா வேஷம் வந்தபோது எல்லோரும் திரும்பிச் சல்மாவைப் பார்த்தார்கள், அவளும் சிரித்தாள். “ஓகேவா மாப்ள?” என்று மாமா இரண்டாவது தடவை கேட்டபோது, பின்னாலிருந்து ஒருவன் “ஓகே சொல்லாதடா!” என்று கத்தினான். மூன்றாவது தடவை பலரும் கத்தினார்கள். பொண்ணு பேரு கேட்டபோது கொட்டகையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். சின்னத்தம்பியோடு ஒரே அறையில் இருந்த ஒருவர் மெதுவாக, “சுதா. அவரு பொண்ணு பேரு சுதா” என்றார். நாடகம் அங்கேயே முடிந்தது. யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை.

வெளியே முத்துராமன் காத்திருந்தார். முகம் கறுத்திருந்தது.

“என்னய வச்சுக் காமெடி பண்றீங்களா மேடம்?”

“என்னையும்தான் சார் பண்ணியிருக்கு. பாத்தீங்கல்ல?”

“உங்களுக்கு என்ன, நீங்க இந்த ஊர்க்காரங்க. எனக்கு மேலேருந்து தேதி குடுக்கறாங்க. தளம் அன்னைக்கு முடியலைன்னா என்னயத்தான் கேப்பாங்க. இந்த ஆளுங்க முன்னாடி நாளைக்கு நான் எப்படி நிப்பேன்?”

அவர் புகார் எழுதிக் கொடுத்தார். அனுமதியில்லாமல் நிகழ்ச்சி நடத்தியதற்காகச் சல்மாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

ஆனால் கொட்டகைக்கு வெளியே நாடகம் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் ஒருவரையொருவர் “ஓகேவா” என்று கேட்பதை விட்டுவிட்டார்கள். “பொண்ணு பேரு என்ன?” என்றுதான் கேட்டார்கள். பட்டென்று பதில் வந்தால் வேலை தொடரும். இழுத்தால், உளறினால், இரண்டு பேர் தோளைப் பிடித்து நிழலுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். கல்யாணமாகாதவர்கள் ஊரில் பேசி வைத்திருக்கிற பெண்ணின் பெயரைச் சொன்னார்கள். அதுவும் இல்லாதவர்கள் நடிகை பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். விளையாட்டுப் போலவே இருந்ததால் யாருக்கும் மானக்கேடு இல்லை. யாரும் ‘தலை சுத்துற ஆளு’ ஆகவில்லை. கிரேன் ஓட்டுகிற சீனத்துப் பெரியவரே கண்ணாடியைத் திறந்து, “பொன்னு பேரு?” என்று கத்தப் பழகியிருந்தார்.

ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள் மூன்று மணி. பதினோராவது மாடியில் கான்கிரீட் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து உட்காராமல் நின்ற முத்துராமன் ஒரே கட்டளையை இரண்டு தடவை கொடுத்தார். கதிரேசன் அவர் பக்கத்தில் போனான்.

“சார், பொண்ணு பேரு என்ன?”

“வேலயப் பாருடா.”

“சொல்லிட்டுத் திட்டுங்க சார்.”

முத்துராமன் வாயைத் திறந்தார். “அ…” என்றார். வேறு யாராவது சொல்வார்களா என்பது போலச் சுற்றிலும் பார்த்தார். நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓடினார்கள். சல்மா ஐஸ் பையோடு மேலே வந்தபோது சட்டையைக் கழற்றி, தண்ணீர் ஊற்றி, அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். இருபது நிமிடம் கழித்து அவர் யாரையும் பார்க்காமல், “அனிதா” என்றார். ஆம்புலன்ஸில் ஏறும்வரை அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார்.

அவர் நன்றி சொல்லவில்லை. புகாரைத் திரும்பப் பெறவும் இல்லை. ஆனால் விசில் ஊதினால் இப்போது அவரே முதலில் போய் உட்கார்ந்தார். மாத அறிக்கையில், ‘நிர்வாகத்தின் தொடர் கண்காணிப்பால் அசம்பாவிதம் தவிர்க்கப்பட்டது’ என்று போட்டிருந்தார்கள். சல்மா அதைப் படித்துவிட்டு, மற்ற ஏழு கட்டுமான இடங்களிலும் முழு நாடகத்தையும் போட வேண்டும் என்று நாலு பக்கக் கடிதம் எழுதினாள். ரோஷினி கூப்பிட்டாள்.

“அக்கா, குட் நியூஸ்! உங்க ஐடியாவ எல்லா சைட்டுக்கும் ரோல் அவுட் பண்ணிட்டோம். போஸ்டர் பிரிண்ட் ஆயிடுச்சு. ஸோ நாடகம் தேவைப்படாது.”

போஸ்டர் வந்தது. பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. ‘தங்கள் சக பணியாளரிடம் அவரது புதல்வியின் பெயரை வினவவும்.’ கதிரேசன் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “இது யாரு அக்கா, நம்மள மாதிரியே பேசுறது?” என்றான். சல்மா கண்டெய்னருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரோஷினியை வெறுக்கவும் முடியவில்லை. அந்தப் பெண் நல்லது செய்துவிட்டதாகவே நம்பினாள்.

செப்டம்பரில் சல்மாவைத் தீவின் வடகோடியில் கிராஞ்சியிலிருந்த கட்டுமான இடத்துக்கு மாற்றினார்கள். கடிதத்துக்கான தண்டனையா, சும்மா மாற்றமா என்று யாரும் சொல்லவில்லை. தேக்காவிலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக ஒன்றேகால் மணி நேரம். அந்தப் பஸ்ஸும் நினைத்தால்தான் வரும். அங்கே பெரும்பாலும் வங்காளதேச ஆட்கள். போஸ்டர் தமிழில் தொங்கியது. யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் வாரத்திலேயே ஒருவன் மயங்கிச் சரிந்தான்.

இந்தத் தடவை அவள் காகிதத்தை நம்பிக் காத்திருக்கவில்லை. ஆட்களில் யார் பாடுவார்கள், யார் எழுதுவார்கள் என்று விசாரித்தாள். ஹாருன் என்ற பிளம்பரைக் காட்டினார்கள். தமிழ் ஆட்களோடு எட்டு வருஷம் வேலை பார்த்ததால் உடைந்த தமிழ் பேசுவான். அவள் கதையை நடித்தே காட்டினாள். அவன் கடைசிவரை கவனமாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான்.

“நல்லா இருக்கு அக்கா. ஆனா மாமா வேணாம். எங்க ஊர்ல மாமா ரொம்ப நல்ல ஆளு. மாமாவ யாரும் பயப்பட மாட்டான்.”

“பயம் வேணாம், ஹாருன். சிரிப்பு வரணும். சிரிச்சாதான் திரும்பச் சொல்லுவாங்க.”

“சிரிப்பு வேற இடத்துல வரும். வெயில், ஊர்லேருந்து ஆள் அனுப்பற ஏஜென்ட் அக்கா. ஃபர்ஸ்ட்ல சிரிச்சுப் பேசும். எல்லாம் நான் பாத்துக்கறேன்னு சொல்லும். அப்புறம் ஒண்ணு ஒண்ணா எடுக்கும்.”

“மாமாதான் பொண்ணு பேரு கேக்க முடியும். ஏஜென்ட் எதுக்குக் கேக்கறான்?”

“ஏஜென்ட் பேப்பர்ல எழுதக் கேக்கும் அக்கா. எல்லாப் பேரும் கேக்கும். அப்பா பேரு, பொண்டாட்டி பேரு, பொண்ணு பேரு. இங்க எல்லாருக்கும் அது தெரியும்.”

சல்மா வாதாடினாள். சாப்பாட்டு நேரம் முழுக்க விடவில்லை. அவன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே மல்லுக்கு நின்றான். சுற்றி நாலைந்து பேர் கூடி வங்காளத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அவளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. தான் எழுதிய மாமாவை யாரோ கண்ணெதிரே வேலையை விட்டுத் தூக்குகிற மாதிரி எரிச்சலாக இருந்தது. ஒருவன் எழுந்து நின்று, இல்லாத ஃபைலைத் திறந்து, நாக்கில் விரலைத் தொட்டுத் தாளைப் புரட்டுகிற மாதிரி செய்தான். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“சரி, ஏஜென்ட்டே இருக்கட்டும்” என்றாள் சல்மா, கடுகடுவென்று. “ஆனா இந்தத் தடவை சூப்பர்வைசர் சீனை யாரையும் வெட்ட விட மாட்டேன்.”